பெரு நாட்டுக்கு எந்தக் காலத்தில் செல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் அமெரிக்கப் பயணம் என்றதும் பலரும் முதலில் நினைப்பது பெரு நாட்டைத்தான். நம் ஊர்களிலிருந்து அங்கே நேரடி விமானம் கிடையாது. இரண்டு அல்லது மூன்று விமானங்கள் மாறிப் போய்ச் சேர வேண்டும், செலவும் அதிகம். மறுபடி ஒருமுறை போகலாம் என்று பெரும்பாலோரால் எளிதில் சொல்லிவிட முடியாத பயணம் இது. எனவே, எந்த மாதத்தில் புறப்படுவது என்ற கேள்வியை விமானக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடாமல், அந்நாட்டின் நிலத்தையும் கடலையும் புரிந்துகொண்டு முடிவு செய்வது நல்லது. அதற்கு உதவும் வகையில் கீழ்க்காணும் கேள்விகளும் பதில்களும் எழுதப்பட்டுள்ளன.

ஒரே ஒரு மாதத்தைச் சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?

மே மாதம். மலைப்பகுதியில் மழை அப்போது ஓய்ந்திருக்கும். ஆனால் அந்த மழையில் முளைத்த பசுமை இன்னும் காய்ந்திருக்காது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வந்து குவியும் கூட்டம் இன்னும் தொடங்கியிருக்காது; ஜூலை இரவுகளின் கடுங்குளிரும் முழுமையாக இறங்கியிருக்காது. மலைச் சிகரங்களின் மேல் பனி நன்றாகப் படிந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும், உருளைக்கிழங்கு அறுவடை நடந்துகொண்டிருப்பதால் வயல்களில் மக்கள் நடமாட்டமும் இருக்கும். மே இயலாது என்றால் செப்டம்பரைச் சொல்வேன். அப்போது நிலம் காய்ந்து பழுப்பேறியிருக்கும் என்பது மட்டுமே அதன் குறை.

ஆனால் இந்தப் பதில் மலைநகரமான குஸ்கோ, பழங்கால இன்கா அரசின் இடிபாடுகள் நிற்கும் மச்சு பிச்சு, டிட்டிகாக்கா ஏரி ஆகியவற்றை மையமாகக் கொண்ட பயணத்துக்கு மட்டுமே பொருந்தும். தலைநகர் லிமாவின் கடற்கரையில் வெயில் காய விரும்புபவருக்கும், அமேசான் காட்டுக்குள் படகில் செல்ல விரும்புபவருக்கும் வேறு பதில்கள் உண்டு. எதைப் பார்க்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதன் பிறகே மாதத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரே நாட்டுக்குள் பருவம் இவ்வளவு மாறுபடக் காரணம் என்ன?

பெரு நாடு வடக்கிலிருந்து தெற்காக ஓடும் மூன்று நிலப்பட்டைகளாகப் பிரிந்து கிடக்கிறது. மேற்கே பசிபிக் பெருங்கடலை ஒட்டிய ஒடுங்கிய பாலைவனக் கடற்கரை. நடுவே ஆண்டீஸ் மலைத்தொடர். கிழக்கே அமேசான் மழைக்காடு. நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கும் மேல் காடுதான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

தென் அரைக்கோளத்தில் இருப்பதால் டிசம்பரை ஒட்டிய மாதங்களில் சூரியன் அங்கே உச்சியை ஒட்டி நிற்கிறது. அமேசான் காட்டிலிருந்து எழும் ஈரக்காற்று மலைமேல் ஏறி, நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே மழையாகக் கொட்டுகிறது. மே முதல் செப்டம்பர் வரை மலைப்பகுதி ஏறத்தாழ வறண்டு விடுகிறது. குஸ்கோ நகரில் ஜனவரியில் சுமார் 150 மில்லிமீட்டர் மழை பெய்யும். ஜூனிலும் ஜூலையிலும் அது 10 மில்லிமீட்டரைக்கூட எட்டாது.

கடற்கரையின் கதை முற்றிலும் வேறு. தெற்கேயிருந்து வடக்கு நோக்கி ஓடும் ஹம்போல்ட் நீரோட்டம் குளிர்ந்த நீரைக் கரையோரமாகக் கொண்டு வருகிறது. குளிர்ந்த கடலின் மேல் மேகம் தாழ்வாகப் படருமே தவிர, உயர்ந்தெழுந்து மழையாவதில்லை. சென்னை வடக்கே 13 பாகையில் இருக்கிறது, லிமா தெற்கே 12 பாகையில் இருக்கிறது; நிலநடுக்கோட்டிலிருந்து இரண்டும் ஏறத்தாழ ஒரே தொலைவில் உள்ளன. இருந்தும், ஆகஸ்ட் மாதத்தில் லிமாவின் பகல் வெப்பம் பெரும்பாலும் 20 பாகை செல்சியஸைத் தாண்டாது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைக் கூட்டினாலும் இரண்டு சென்டிமீட்டர் தேறாது. அந்தக் குளிர்ந்த நீரோட்டமே இதற்கெல்லாம் காரணம்.

ஆகவே, மலையில் வெயில் அடிக்கும் மாதங்களில் லிமா மூட்டமாக இருக்கும்; லிமாவில் வெயில் அடிக்கும் மாதங்களில் மலையில் மழை பெய்யும். இரண்டும் சேர்ந்து சிறப்பாக இருக்கும் மாதம் ஒன்று இல்லை. ஏப்ரல் இறுதியும் மே மாதத் தொடக்கமும் ஓரளவு இரண்டுக்கும் இடம் கொடுக்கும்.

மச்சு பிச்சுவைத் தெளிவாகப் பார்க்க எந்த மாதம் நல்லது?

மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களே பாதுகாப்பான தேர்வு. இருப்பினும் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். குஸ்கோ கடல் மட்டத்திலிருந்து 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மச்சு பிச்சு அதைவிட ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் தாழ்வாக, 2,430 மீட்டரில், அமேசானை நோக்கி இறங்கும் சரிவில், மேகங்கள் உலவும் காட்டுக்குள் இருக்கிறது. எனவே குஸ்கோவைவிட அங்கே ஈரம் அதிகம். ஜூன் மாதத்திலும் விடியற்காலையில் மூடுபனி இடிபாடுகளை மறைத்து நிற்கலாம். பெரும்பாலான நாட்களில் காலை ஒன்பது, பத்து மணிக்குள் அது விலகிவிடும்.

சூரியன் எழும் நேரத்திலேயே உள்ளே இருக்க வேண்டும் என்று பலர் முதல் நேரச் சீட்டுக்குப் போட்டியிடுகிறார்கள். வறண்ட மாதங்களில் கூட்டத்தைத் தவிர்க்க அது உதவும். மழை மாதங்களில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மூடுபனியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப நேரிடலாம். அப்போது எட்டரை முதல் பத்து மணிக்குள் நுழைவதே நல்லது. அடிவாரத்திலுள்ள அகுவாஸ் காலியேந்தேஸ் ஊரில் இரண்டு இரவுகள் தங்கி, இரண்டு நாட்களுக்கும் சீட்டு எடுப்பவர் ஒரு நாள் மழையில் போனாலும் ஏமாற மாட்டார். நுழைவுச் சீட்டுகள் நேரத்துக்கும் சுற்றுப்பாதைக்கும் ஏற்பத் தனித்தனியாக விற்கப்படுகின்றன. எந்தச் சுற்றுப்பாதையில் எது தெரியும் என்று பார்த்து வாங்குங்கள். நாம் படங்களில் கண்டு பழகிய அந்த முழுக் காட்சி எல்லாப் பாதைகளிலிருந்தும் கிடைப்பதில்லை.

இன்கா நடைபாதையில் நான்கு நாள் நடந்து மச்சு பிச்சுவுக்குச் செல்ல விரும்புகிறேன். எப்போது போகலாம்?

பிப்ரவரியில் முடியாது. பராமரிப்புக்காக ஆண்டுதோறும் அந்த மாதம் முழுவதும் பாதை மூடப்படுகிறது. மற்ற மாதங்களில் ஒரு நாளைக்கு 500 பேர் மட்டுமே அனுமதிக்கப்படுகிறார்கள். வழிகாட்டிகளும் சுமை தூக்குபவர்களும் இந்த எண்ணிக்கைக்குள் அடக்கம் என்பதால், பயணிகளுக்குக் கிடைக்கும் இடங்கள் அதில் பாதிக்கும் குறைவே. மே முதல் ஆகஸ்ட் வரையிலான அனுமதிகள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும்.

இந்தப் பாதை 4,215 மீட்டர் உயரமுள்ள ஒரு கணவாயைத் தாண்டிச் செல்கிறது. இன்காக்கள் இட்ட கற்படிகள் நனைந்திருக்கும்போது வழுக்கும். எனவே மழையோடு நடப்பது வெறும் அசௌகரியம் மட்டுமன்று, ஆபத்தும்கூட. ஏப்ரல் பின்பாதி, மே, செப்டம்பர் ஆகியவை நடைக்கு ஏற்றவை. அனுமதி கிடைக்காதவர்கள் சால்கண்டாய் அல்லது லாரெஸ் வழியாக நடக்கலாம். சால்கண்டாய்ப் பாதையின் கணவாய் 4,600 மீட்டருக்கும் மேல் இருப்பதால், ஜூன், ஜூலை மாதங்களில் கூடாரத்துக்குள் இரவைக் கழிக்க நல்ல உறக்கப்பை வேண்டும். ஊர்களையும் நெசவாளர்களையும் காண விரும்புபவருக்கு லாரெஸ் பாதை ஏற்றது.

மழைக்காலத்தில் போனால் பயணம் வீணாகிவிடுமா?

வீணாகாது. மழைக்காலத்தைப் பற்றிய அச்சம் அளவுக்கு மீறிப் பரப்பப்பட்டிருக்கிறது என்பதே என் கருத்து. நவம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களில் மலைப்பகுதியில் பெரும்பாலும் காலை வெயிலாகவும் பிற்பகல் மழையாகவும் இருக்கும். காலை ஆறு மணிக்குக் கிளம்பி இரண்டு மணிக்குள் சுற்றிப்பார்த்து முடிப்பவருக்கு அது பெரிய இடையூறு ஆகாது. மலைச்சரிவுகள் முழுவதும் பச்சைப் போர்வையில் கிடக்கும். மச்சு பிச்சுவைச் சுற்றியுள்ள காட்டில் ஆர்க்கிட் மலர்கள் மிகுதியாகப் பூத்திருக்கும். விடுதிக் கட்டணம் குறையும். குஸ்கோவின் தெருக்களில் நெரிசல் இருக்காது.

சில இடங்கள் மட்டும் மழையில் தம் அழகை இழக்கின்றன. மாராஸ் என்ற ஊரின் சரிவில் ஆயிரக்கணக்கான உப்புப் பாத்திகள் படிப்படியாக இறங்குகின்றன. வறண்ட மாதங்களில் உப்பு விளையும்போது அவை வெள்ளை வெளேரென்று ஒளிரும். மழையில் சேறு கலந்து பழுப்பாகிவிடும். வானவில் மலை என்று பெயர் பெற்ற வினிகுன்கா 5,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பதால், மழைக்காலத்தில் அங்கே பனி விழுந்து அதன் வண்ணங்களை மறைத்துவிடுவது உண்டு. அந்த மலைக்காகவே போகிறவர்கள் ஜூன் முதல் செப்டம்பருக்குள் போவது நல்லது.

ஜனவரியையும் பிப்ரவரியையும் மட்டும் தனியாக எச்சரிக்க வேண்டும். மண்ணும் கல்லும் நீரோடு சேர்ந்து பள்ளத்தாக்கில் பாய்ந்து வரும் சேற்று வெள்ளத்தை அங்கே ஹுவாய்கோ என்கிறார்கள். அது சாலைகளையும் தண்டவாளங்களையும் அடித்துச் செல்லக்கூடியது. 2010 ஜனவரி இறுதியில் உருபம்பா ஆறு பெருக்கெடுத்து மச்சு பிச்சுவுக்கான ரயில் பாதை துண்டிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான பயணிகள் அடிவார ஊரில் சிக்கிக்கொண்டு ஹெலிகாப்டர்களில் மீட்கப்பட்டனர். ஏப்ரல் 1 வரை மச்சு பிச்சு திறக்கப்படவில்லை. இத்தகைய வெள்ளம் எல்லா ஆண்டும் வருவதில்லை. ஆனாலும் இவ்விரு மாதங்களில் செல்பவர்கள் திரும்பும் விமானத்துக்கு முன் இரண்டு நாட்களாவது இடைவெளி வைத்துக்கொள்ள வேண்டும். மழை மாதங்களில் குஸ்கோவிலிருந்து ரயில் பயணத்தின் முதல் பகுதி பேருந்தில் நடப்பதையும் நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன், ஜூலை மாதங்களில் குளிர் எவ்வளவு கடுமையாக இருக்கும்?

பகலில் குஸ்கோவின் வெப்பம் ஆண்டு முழுவதும் 20 பாகையை ஒட்டியே இருக்கும். வேறுபாடு இரவில்தான் தெரியும். ஜனவரி இரவுகளில் ஆறு, ஏழு பாகை. ஜூன், ஜூலை இரவுகளில் உறைநிலையைத் தொடும். 3,812 மீட்டர் உயரத்திலுள்ள டிட்டிகாக்கா ஏரிக்கரையில், பூனோ நகரிலும் தீவுகளிலும், வெப்பம் உறைநிலைக்கு நன்றாகக் கீழே இறங்கும். எளிய விடுதிகளில் அறையைச் சூடாக்கும் வசதி இருக்காது. வெயிலில் நிற்கும்போது சட்டை போதும், நிழலுக்குப் போனதும் கம்பளி வேண்டும் என்ற நிலையில், அடுக்கடுக்காக உடுத்துவதே வழி. உயரமான இடம் என்பதால் வெயிலும் தோலைச் சுடும். தொப்பியை மறக்க வேண்டாம்.

இந்தக் குளிரால் விளையும் நன்மை ஒன்றை நேரில் காண விரும்புபவர்கள் ஜூன், ஜூலை மாதங்களிலேயே போக வேண்டும். ஆண்டீஸ் உழவர்கள் உருளைக்கிழங்கை இரவில் வெட்டவெளியில் பரப்பி உறையவிடுகிறார்கள். பகல் வெயிலில் அது இளகியதும் காலால் மிதித்து நீரைப் பிழிகிறார்கள். இப்படிப் பல நாட்கள் செய்து உலர்த்தினால் ‘சுன்யோ’ கிடைக்கிறது. அது ஆண்டுக்கணக்கில் கெடாது. விளைச்சல் பொய்க்கும் ஆண்டுகளுக்காகச் சேமித்துவைக்கும் அறிவு இன்காக்களுக்கும் முந்திய காலத்திலிருந்து அங்கே தொடர்கிறது. இரவில் உறைபனியும் பகலில் கடும் வெயிலும் ஒருங்கே அமைந்தால்தான் இது கைகூடும்.

உயரத்தால் வரும் தலைவலியும் குமட்டலும் எந்த மாதத்திலும் வரலாம். குஸ்கோவில் இறங்கியதும் அங்கேயே தங்காமல், 2,800 மீட்டரை ஒட்டியுள்ள ஒல்லன்தய்தம்போ போன்ற பள்ளத்தாக்கு ஊர்களில் முதல் இரண்டு இரவுகளைக் கழிப்பது உடலுக்கு நல்லது.

திருவிழாக்களைப் பார்க்க விரும்பினால் எந்த நாட்களைத் தேர்ந்தெடுப்பது?

மிகவும் புகழ்பெற்றது ஜூன் 24 அன்று குஸ்கோவில் நடக்கும் இந்தி ராய்மி என்னும் சூரிய விழா. தென் அரைக்கோளத்தில் சூரியன் மிகத் தொலைவுக்குச் சென்று திரும்பும் காலம் அது. இன்று நாம் காணும் வடிவம் 1944-இல் மீட்டுருவாக்கப்பட்டது; நகரில் தொடங்கி சக்சய்வமான் கோட்டைவெளியில் முடிகிறது. பார்க்கத் தகுந்த விழாதான், ஆனால் அந்த வாரத்தில் விடுதி கிடைப்பது அரிது, விலையும் ஏறும்.

எனக்கு அதைவிட நெருக்கமானது அதே ஜூன் மாதத்தில் அபுரிமாக் ஆற்றின் மேல் நடக்கும் பணி. கெஸ்வாசாகா என்ற தொங்கு பாலம் முழுவதும் புல்லால் திரித்த கயிற்றால் ஆனது. ஆண்டுதோறும் சுற்றியுள்ள சமூகங்கள் கூடி, பழைய பாலத்தை அகற்றிப் புதியதைக் கட்டுகின்றன. இன்கா சாலைகளின் காலத்துத் தொழில்நுட்பம் அங்கே இன்னும் கையிலிருந்து கைக்கு மாறிக்கொண்டிருக்கிறது. 2013-இல் யுனெஸ்கோ இதை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. விழாவைப் பார்வையாளர் மாடத்திலிருந்து பார்ப்பதைவிட, ஒரு ஊரே சேர்ந்து கயிறு திரிப்பதைப் பார்ப்பது நெடுநாள் நினைவில் நிற்கும்.

பிப்ரவரி தொடக்கத்தில் பூனோவில் கன்டலாரியா அன்னையின் விழா நடக்கிறது. ஆயிரக்கணக்கான நடனக்காரர்களும் இசைக்கலைஞர்களும் நாட்கணக்கில் தெருக்களை நிறைப்பார்கள். மழையைப் பொருட்படுத்தாமல் போகலாம். அக்டோபரில் லிமாவில் ஊதா நிற ஆடை அணிந்த பெருங்கூட்டத்துடன் ‘அற்புதங்களின் ஆண்டவர்’ ஊர்வலம் செல்கிறது. டிசம்பர் 24 அன்று குஸ்கோவின் மையச் சதுக்கத்தில் சந்துராந்திகுய் என்ற கைவினைச் சந்தை கூடுகிறது.

லிமாவில் எப்போதும் மேகமூட்டம் என்கிறார்களே?

எப்போதும் அன்று. டிசம்பர் முதல் மார்ச் வரை லிமாவில் வெயில் நன்றாக இருக்கும். மக்கள் கடற்கரையில் கூடுவார்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை தாழ்ந்த சாம்பல்நிற மேகம் நகரை மூடிக்கொள்ளும். காருவா எனப்படும் நுண்ணிய தூறல் மண்ணை ஈரப்படுத்துமே தவிர, குடை பிடிக்கும் அளவுக்குப் பெய்யாது. நகரத்தார் வெயிலைத் தேடி, மலையடிவாரத்தில் மேகத்துக்கு அப்பால் இருக்கும் சோசிகா போன்ற ஊர்களுக்கு வார இறுதியில் போவது வழக்கம்.

மூட்டத்திலும் ஒரு காட்சி உண்டு. லிமாவுக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் லாச்சாய் குன்றுகள் இருக்கின்றன. ஆண்டின் பெரும்பகுதியில் வறண்டு கிடக்கும் அந்தப் பாலைக் குன்றுகள், கடலிலிருந்து வரும் பனிமூட்டத்தின் ஈரத்தை மட்டும் உண்டு, ஆகஸ்ட், செப்டம்பரில் பச்சைப்பசேலென மாறிப் பூக்கின்றன. மலைப்பயணத்துக்காக அந்த மாதங்களில் போகிறவர்கள் ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாம். அருங்காட்சியகங்களுக்கும் உணவகங்களுக்கும் மேகமூட்டம் ஒரு தடையே அல்ல.

அமேசான் காட்டுக்கு எந்த மாதங்கள் ஏற்றவை?

காட்டின் எந்தப் பகுதிக்கு, எதைக் காண என்பதைப் பொறுத்தது. தெற்கே புவர்டோ மால்டொனாடோ நகரை ஒட்டிய தம்போபதாவும், மனு தேசியப் பூங்காவும் மே முதல் அக்டோபர் வரை ஓரளவு வறண்டிருக்கும். ஆற்றோர மண்சுவர்களில் களிமண் உண்ண நூற்றுக்கணக்கில் கூடும் பஞ்சவர்ணக் கிளிகளைக் காண ஆகஸ்டும் செப்டம்பரும் சிறந்தவை. ஆற்றில் நீர் குறைந்து மணல்திட்டுகள் தெரியும்போது முதலைகளும் நீர்ப்பன்றிகளும் கரையில் படுத்திருக்கும். இடையில் ஒரு எச்சரிக்கை: மே முதல் ஆகஸ்ட் வரை, தெற்கேயிருந்து குளிர்காற்று திடீரெனக் காட்டுக்குள் புகுந்து, இரண்டு மூன்று நாட்களுக்கு வெப்பத்தைப் பத்துப் பன்னிரண்டு பாகைக்கு இறக்கிவிடும். காட்டுக்குத்தானே என்று மெல்லிய உடைகளை மட்டும் கொண்டுபோகக் கூடாது.

வடக்கே சாலை வழியாகச் செல்லவே முடியாத இகிடோஸ் நகரில் முழு வறட்சி என்று சொல்லத்தக்க மாதமே இல்லை. அங்கே பார்க்க வேண்டியது ஆற்றின் மட்டம். டிசம்பரில் ஏறத் தொடங்கி ஏப்ரல், மே வாக்கில் உச்சத்தை அடையும் வெள்ளம், காட்டையே நீருக்குள் நிறுத்திவிடும். அப்போது மரக்கிளைகளுக்கு நடுவே படகில் செல்லலாம். குரங்குகளும் தேவாங்கைப்போல மெல்ல நகரும் மூவிரல் ஸ்லாத் விலங்குகளும் கண்மட்டத்துக்கு அருகில் தெரியும். ஜூலை முதல் அக்டோபர் வரை நீர் வடிந்ததும் நடைபாதைகள் வெளிப்படும். மீன்பிடிப்புக்கும் பறவைகளுக்கும் அதுவே நல்ல காலம். படகுப் பயணம் பிடித்தவர் மே மாதத்தையும், நடக்க விரும்புபவர் ஆகஸ்டையும் தேர்ந்தெடுக்கட்டும்.

நாஸ்கா, பாராகாஸ், அரெக்கிபா, கோல்கா பள்ளத்தாக்கு?

நாஸ்காவும் பாராகாஸும் பாலைவனம். எந்த மாதத்திலும் போகலாம். பாலை நிலத்தில் பழங்காலத்தில் வரையப்பட்ட பேருருவங்களான நாஸ்கா கோடுகளைக் காணச் சிறு விமானத்தில் ஏறுபவர்கள், பிற்பகல் காற்று எழும் முன் காலையிலேயே பறப்பது வயிற்றுக்கு நல்லது. அரெக்கிபாவில் ஜனவரி முதல் மார்ச் வரை சிறிது மழை, மற்றபடி வெயில். கோல்காவில் காலைக் காற்றில் மிதந்தெழும் காண்டார் கழுகுகளைக் காண மே முதல் செப்டம்பர் வரை வாய்ப்பு அதிகம். மழை மாதங்களில் மேகமும் மறைக்கும், பறவைகளும் குறைவு.

ஹுவாராஸ் பக்கம் பனிமலை நடைக்கு?

மே இறுதி முதல் செப்டம்பர் தொடக்கம் வரை மட்டும். 6,768 மீட்டர் உயரமுள்ள ஹுவாஸ்கரான் அங்கேதான் இருக்கிறது. மழை மாதங்களில் சிகரங்கள் நாட்கணக்கில் முகம் காட்டாது.

கடலில் குளிக்க ஏற்ற இடமும் காலமும் எவை?

வடகோடியிலுள்ள மான்கோராவில் கடல் நீர் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக இருக்கும். அண்டார்டிக் கடலிலிருந்து கன்று ஈன வரும் கூனல் திமிங்கலங்களை ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அங்கே படகிலிருந்து காணலாம். மலைப்பயணத்துக்கு உகந்த செப்டம்பரோடு இது அழகாகப் பொருந்துகிறது.

எல் நினோ வரும் ஆண்டுகளில் திட்டத்தை மாற்ற வேண்டுமா?

வடக்குக் கடற்கரைக்குச் செல்பவர்கள் கட்டாயம் மாற்ற வேண்டும். பெருவின் கரையோரக் கடல் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறுவதே எல் நினோ. அப்போது, மழையே காணாத பாலை நிலத்தில் பெருமழை கொட்டுகிறது. 1982-83, 1997-98 ஆண்டுகளில் வட மாகாணங்கள் பெரும் அழிவைக் கண்டன. 2017 மார்ச் மாதத்தில் பியூரா நகருக்குள் ஆறு புகுந்தது. வெள்ளம் வடிந்த பின் டெங்கு பரவுவதும் வழக்கம். பாதிப்பு பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை இருக்கும். அதே எல் நினோ, தெற்கு மலைகளில் மழையைக் குறைப்பதும் உண்டு. 1982-83-இல் வடக்கே வெள்ளமும் பூனோவில் கடும் வறட்சியும் ஒன்றாக நேர்ந்தன. ஆகவே, மே முதல் செப்டம்பருக்குள் குஸ்கோ செல்பவர்கள் எல் நினோ செய்தியைக் கேட்டுப் பயணத்தைக் கைவிடத் தேவையில்லை.

இந்தக் கடல் நமக்கும் அந்நியமானதன்று. சென்னை மாகாணத்தை உலுக்கிய 1876-78 தாது வருடப் பஞ்சத்துக்கு மழை பொய்த்ததும் ஆட்சியின் கொடுமையும் காரணங்கள். அந்த மழைப் பொய்ப்போடு பசிபிக்கில் உருவான வலுவான எல் நினோவுக்குத் தொடர்பு உண்டென்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், பருவமழை ஏன் பொய்க்கிறது என்று தேடிப்போய்த்தான் எல் நினோவோடு இணைந்த, பசிபிக்கின் இரு பக்கங்களிலும் காற்றழுத்தம் மாறி மாறி ஏறியிறங்கும் ஊசலைக் கண்டறிந்தார்.

ஆண்டீஸ் உழவர்கள் இதற்கெல்லாம் முன்பே தமக்கென ஒரு வழியைக் கண்டிருந்தார்கள். ஜூன் 24-ஐ ஒட்டிய நாட்களில் விடியும் முன் எழுந்து, நாம் கார்த்திகை என்று அழைக்கும் விண்மீன் கூட்டத்தை அவர்கள் உற்று நோக்குவார்கள். அது மங்கலாகத் தெரிந்தால் மழை தாமதமாகும் என்று கணித்து, உருளைக்கிழங்கு நடவைத் தள்ளிவைப்பார்கள். எல் நினோ ஆண்டுகளில் மிக உயரத்தில் மெல்லிய மேகம் கூடுவதே அந்த மங்கலுக்குக் காரணம் என்று 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு விளக்கியது.

பொலிவியாவின் உயுனி உப்புவெளியையும் சேர்த்துப் பார்க்க முடியுமா?

இங்கே ஒரு முரண் இருக்கிறது. உயுனியில் வானம் தரையில் பிரதிபலிக்கும் காட்சி வேண்டுமென்றால் அங்கே மழைநீர் தேங்கியிருக்க வேண்டும். அது ஜனவரி முதல் மார்ச் வரை. மச்சு பிச்சுவுக்கு அது பொருந்தாத காலம். மார்ச் இறுதியில் உயுனியில் தொடங்கி, ஏப்ரல் நடுவில் குஸ்கோவை அடையும் வகையில் தெற்கிலிருந்து வடக்காகப் பயணம் செய்தால் இரண்டும் கிடைக்க ஓரளவு வாய்ப்புண்டு. பிரதிபலிப்பு தேவையில்லை, வெண்ணிற அறுகோணப் பாளங்கள் போதும் என்பவர்களுக்கு மே முதல் அக்டோபர் வரை எந்தச் சிக்கலும் இல்லை.

பள்ளி விடுமுறையில்தான் போக முடியும். என்ன செய்வது?

தமிழ்நாட்டிலிருந்து செல்லும் குடும்பங்களுக்கு இது நற்செய்தி. நம் கோடை விடுமுறை, பெருவின் மிகச் சிறந்த மாதமான மே மாதத்தில் வருகிறது. டிசம்பர் இறுதி விடுமுறையில் செல்பவர்கள் லிமாவுக்கும் தெற்குக் கடற்கரைக்கும் கூடுதல் நாட்களை ஒதுக்கி, குஸ்கோவில் காலை நேரங்களை மட்டும் நம்பித் திட்டமிடலாம். கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ்பவர்களுக்கு ஜூலை, ஆகஸ்ட் தவிர வழியில்லை. பெருவின் சுதந்திர நாள் ஜூலை 28 என்பதால் உள்நாட்டு மக்களும் அந்த வாரத்தில் பயணம் செய்வார்கள். ஆகஸ்ட் இரண்டாம் பாதிக்குத் தள்ளிவைத்தால் நெரிசல் சற்றுத் தணியும்.

எவ்வளவு முன்கூட்டியே ஏற்பாடுகளைத் தொடங்க வேண்டும்?

இன்கா நடைபாதைக்கு ஆறு மாதங்கள். வறண்ட மாதங்களில் மச்சு பிச்சு நுழைவுச் சீட்டுக்கும் ரயிலுக்கும் குறைந்தது இரண்டு, மூன்று மாதங்கள். சீட்டு உறுதியான பிறகே விமானத்துக்குப் பணம் கட்டுவது நல்லது.

காட்டுப் பகுதிக்குச் செல்பவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தேவை. காட்டுக்குப் போகாவிட்டாலும், பெருவிலிருந்து இந்தியா திரும்புபவர்களிடம் அந்தத் தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்பார்கள். இல்லையென்றால் தனிமைப்படுத்தப்பட நேரிடலாம். ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையம் போன்ற அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டுமே இந்த ஊசி போடப்படுகிறது. குறிப்பிட்ட நாட்களில்தான் போடுவார்கள் என்பதால், புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே விசாரித்து முடித்துவிடுங்கள்.